பாலாறு விண்கப்பலின் நான்காம் பாகம்

மகனே,

உன் அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். நீ தூளியில் தூங்குகிறாய். கீழ் ஈறில் இரண்டு பல் முளைத்திருக்கிற ஒருவனுக்குக் கடிதம் எழுதுவது அபத்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆலை கிடையாது, சும்மா உட்கார்ந்து காத்திருக்க எனக்கு வராது. அதனால் நீ வளர்ந்து, மீசை வைத்து, நான் சொல்வதை எல்லாம் எதிர்த்துப் பேசப்போகிற அந்த ஆளுக்கு எழுதுகிறேன். அந்த ஆள் இதைப் படிக்கும்போது சந்திரனில் யாராவது கால் வைத்திருப்பான். வைக்காவிட்டால் உலகத்தில் இருக்கிற இன்ஜினியர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் தோல் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனிக்கு, இங்கே ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஆலையிலிருந்து ஒருவனை இரண்டு வருடப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அது நானாக இருக்கலாம் என்கிறார்கள். போகிறேனா இல்லையா என்று நாளைக் காலை சொல்லியாக வேண்டும். போக வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் உன் அம்மா சொல்லாமல் போக மாட்டேன். வியாழக்கிழமை அவளைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்றுவரை யோசிக்கிறாள். ஆலையில் என்னைக் கேலி செய்கிறார்கள். யார் பேச்சையும் கேட்காத சூப்பர்வைசர் வீட்டில் உத்தரவுக்குக் காத்திருக்கிறாராம். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு விண்கப்பலிலிருந்து வந்தது. அந்தக் கதையை உனக்கு வேறு யாராவது சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அளவுகளைத் தப்பாகச் சொல்வார்கள்.

ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இக்பால் இருக்கிறான். என் தோஸ்த். நாடகப் பைத்தியம். ரஷ்யாக்காரன் ஒருவன் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கியதாகப் பேப்பரில் வந்த மறுவாரமே, தொழிலாளர் மன்றத்தில் ஒரு தொடர் நாடகம் போடப்போவதாக அறிவித்தான். மாதாமாதம் சம்பளச் சனிக்கிழமை சாயங்காலம், தோல் காயவைக்கும் களத்தில், ஒரு பாகம். கதை என்னவென்றால், ஆம்பூர்க்காரர்கள் ஐந்து பேர் விண்கப்பல் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கிரகமாகப் போகிறார்கள். கப்பலுக்குப் பெயர் பாலாறு. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத ஆற்றின் பெயரைக் கப்பலுக்கு வைக்கிறாயே என்று கேட்டேன். இது ஓடுகிற கப்பல் இல்லை சார், பறக்கிற கப்பல், தண்ணி எதுக்கு என்றான்.

ஊரே வந்தது. நானும் போனேன். முதல் பாகத்தில் கேப்டன் ஜன்னலைத் திறந்து வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். இரண்டாம் பாகத்தில் செவ்வாய்க்குப் போகும் வழியில் காற்று வாங்க வெளியே நின்றார்கள். மூன்றாம் பாகத்தில் கப்பலுக்குள் எடையே இல்லை என்று ஒருவன் வசனம் பேசிவிட்டு, அடுத்த நிமிஷமே சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று அது நடக்காது என்று சொன்னேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ உட்காரச் சொன்னார்கள். நான் உட்காராமல் ஏன் நடக்காது என்பதையும் விளக்கினேன். நாடகம் அன்றைக்கு அங்கேயே முடிந்தது. இக்பால் திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் நின்றான்.

"குறை சொல்றது ஈஸி சார். நாலாவது பாகம் நீங்க எழுதுங்க. ஒரு தப்பு இருந்தா நான் எழுந்து நிப்பேன்."

எழுதினேன். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படி, இது புரியாவிட்டால் மிச்சமும் புரியாது. தோல் பதனிடும் டிரம்மை நீ பார்த்திருப்பாய். ஒன்றரை ஆள் உயர மரப் பீப்பாய், படுத்தவாக்கில் இருக்கும், மோட்டாரும் பெல்ட்டும் அதைச் சுற்றும். உள்ளே தோல் மேலே ஏறி, உச்சியிலிருந்து பொத்தென்று விழ வேண்டும். ஏறி விழுந்து, ஏறி விழுந்துதான் மருந்து உள்ளே இறங்கும். ஒருமுறை எங்கள் ஃபிட்டர் மோட்டாரில் அளவு மாற்றிப் பெரிய சக்கரத்தைப் போட்டுவிட்டான். டிரம் வேகம் கூடியது. தோல் விழவே இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு டிரம்மோடு சேர்ந்து சுற்றியது. சாயங்காலம் திறந்து பார்த்தால் அத்தனை தோலும் உள்ளே மருந்து ஏறாமல் பச்சையாகவே இருந்தது. மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கு ஆனந்தம். ஏனென்றால் எடையில்லாத விண்வெளியில் மனிதனுக்கு எடை கொடுக்க அதுதான் வழி. கப்பலைச் சுற்று. உள்ளே இருப்பவன் சுவரில் ஒட்டுவான். சுவர்தான் அவனுக்குத் தரை.

அதுதான் நான்காம் பாகம். கப்பலில் ஒருவனுக்கு அவசர ஆபரேஷன். எடையில்லாமல் ரத்தம் உருண்டை உருண்டையாய் மிதக்கிறது. அதனால் ஆபரேஷன் முடியும்வரை கப்பல் சுற்ற வேண்டும். கேப்டனுக்குத் தலை சுற்றுகிறது, நிறுத்து நிறுத்து என்று கத்துகிறான். பூமியிலிருந்து ஒரு குரல் ரேடியோவில் அவனுக்குத் தைரியம் சொல்லி, கடைசியில்தான் நிறுத்த உத்தரவு கொடுக்கிறது. களத்தை ஒட்டிய புது ஷெட்டில் ஒரு டிரம் வந்து இறங்கியிருந்தது. இன்னும் நனைக்காதது. முன்பக்கப் பலகை அடிக்கவில்லை, குறுக்கே வண்டிச் சக்கரத்து ஆரம் போல இரும்புக் கைகள் மட்டும். அதனால் உள்ளே நடப்பதை எல்லோரும் பார்க்கலாம். தோலைத் தூக்கிப் போடுவதற்கு உள்சுவரில் மர முளைகள் அடிப்பார்கள். அதுவும் இன்னும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ பிறந்திருக்க மாட்டாய்.

கேப்டனாக நடிக்க ஒருவனும் வரவில்லை. நானே ஏறினேன். பூமியின் குரலுக்குப் பெண் வேண்டும் என்று இக்பால் பிடிவாதம் பிடித்தான். மேடை ஏற எந்த வீட்டுப் பெண் வருவாள்? திரைக்குப் பின்னால் மைக்கில் பேசினால் போதும், முகம் தெரியாது என்று மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியின் அப்பாவிடம் சம்மதம் கேட்டு வாங்கினான். அந்த டீச்சர்தான் சுகிர்தம். உன் அம்மா.

முதல் ஒத்திகையிலேயே சண்டை. அவள் என் வசனத்தைப் படித்துவிட்டு, கேப்டன் இத்தனை தடவை நிறுத்தச் சொல்கிறாரே, பூமி ஏன் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை என்றாள். அது அவசியமில்லை என்றேன். நாடி எவ்வளவு துடிக்கும், எத்தனை சுற்று தாங்கும் என்று நான் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் தாளை மடித்தாள். அவள் பேசாமல் மடிக்கிற தாள் எப்படிப்பட்டது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியாது.

மோட்டார் சுவிட்சில் கன்னியப்பனை நிறுத்தினேன். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. ஒத்திகையில் நான் நிறுத்து என்று கத்திய ஒவ்வொரு தடவையும் பயந்துபோய் நிறுத்தினான். நான் திட்டினேன். என் சொந்தக் குரலில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நிறுத்தாதே, பூமி சொன்னால் மட்டும் நிறுத்து என்றேன். பூமி எப்போ சார் சொல்லும் என்று கேட்டான். அந்த அம்மா ரெண்டு பக்கம் படிச்சு முடிச்சதும் என்றேன். சுற்றுகிற டிரம்முக்குள் நான் முதுகு சுவரோடு ஒட்டக் கிடந்தேன், மகனே. தலைகீழாகப் போனேன், விழவில்லை. கணக்கு அப்படியே பலித்தது. இன்றைக்கும் சொல்கிறேன், என் கணக்கு சரி.

ஆனால் ஒத்திகை எல்லாம் மதியத்தில். மற்ற மெஷின் எதுவும் ஓடாத நேரம். நாடகம் விளக்கு வைக்கிற வேளையில். ஊர் முழுக்க பல்பு எரிந்தது, களத்தைச் சுற்றி டியூப் லைட், மைக் செட் வேறு. கரண்ட் கம்மியானது. டிரம் முதலில் நன்றாகத்தான் சுற்றியது. நான் ஒட்டினேன். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. அம்மாவின் குரல் ஒலிபெருக்கியில் நிதானமாக வந்தது. பிறகு பெல்ட் வழுக்கி வேகம் இறங்கிற்று. உச்சிக்குப் போனபோது முதுகு சுவரை விட்டுப் பிரிவது தெரிந்தது. விழுந்தேன். எழுவதற்குள் திரும்பவும் மேலே தூக்கிப் போனது. திரும்பவும் விழுந்தேன். பதனிடுவதற்குச் சரியான வேகம் அதுதான்.

நிறுத்து என்று கத்தினேன். வசனத்தில் அது இருக்கிறது. கூட்டம் கை தட்டியது. கன்னியப்பா நிறுத்துடா என்றேன். சிரித்தார்கள். கன்னியப்பன் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, வியர்த்து வழிய, நான் சொன்னபடியே நிறுத்தாமல் நின்றான். அவனை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். இக்பால் ஓரத்திலிருந்து, "வாஹ் சார், வாஹ்" என்கிறான். எத்தனை தடவை விழுந்தேன் என்று தெரியாது. தோள் எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் கத்துவதற்கு மூச்சு இல்லை. ஏதோ முனகினேன். அப்போது ஒலிபெருக்கியில் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி இருந்தது.

"பூமி பேசுது. கன்னியப்பன் அண்ணா, நிறுத்துங்க. இப்பவே."

நின்றது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது அவளும் இக்பாலும் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் நான் முதலில் பேசியது வோல்டேஜைப் பற்றி. ஃபேஸ் ஒன்று டல்லாக இருந்திருக்க வேண்டும், பெல்ட்டை இறுக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முடியும்வரை கேட்டாள். வலிக்குதா என்று கேட்டாள். வலித்தது. திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது, கூட்டத்தில் கண்ணால் பார்த்த ஒருவனுக்கும் தெரியவில்லையே என்று கேட்டேன்.

"நீங்க 'தயவு செஞ்சு'ன்னு சொன்னீங்க சார். நீங்க எழுதின ரெண்டு பக்கத்துல அந்த வார்த்தை எங்கயும் இல்ல. ஒத்திகைல ஒருத்தர்கிட்டயும் நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. அப்போதான் பயந்துட்டேன்."

இக்பால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். நான் அங்கேயே, அப்போதே, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டேன். இக்பாலுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அப்பாவிடம் பேசுங்கள் என்று அவள் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள். கட்டுப் பிரிக்கிற அன்று சொன்னாள், சம்மதம், ஒரே ஒரு நிபந்தனை. எதுவாக இருந்தாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்கள், முடித்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

ஒப்புக்கொண்டேன். காப்பாற்றினேனா? கல்யாணமான வருஷமே, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், நின்றுகொண்டு சமைக்க வசதியாகச் சமையலறையில் ஒரு மேடை கட்டினேன். முதுகு வலிக்காமல் இருக்க உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் உண்டு. அதைச் சரியாகப் போட்டேன், என் உயரத்துக்கு. உன் அம்மா என் தோளுக்கு இருப்பாள். இன்றுவரை ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுதான் குழம்பு வைக்கிறாள். யாராவது வந்து கேட்டால், "இன்ஜினியர் வீடு, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். இடித்துக் கட்டுகிறேன் என்றால் விட மாட்டேன் என்கிறாள். இருக்கட்டுமாம், உதவுமாம். எதற்கு உதவும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு புதுத் திட்டத்தோடும் நான் வீட்டுக்குள் வரும்போது அவள் அந்தப் பலகையின் மேல் நின்று என்னைப் பார்க்கிறாள்.

உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. பெரிய மனிதர்கள் சொல்கிற மாதிரிப் பொறுமையாக இரு, பணிவாக இரு என்று எழுதினால் நீயே சிரிப்பாய், யார் சொல்கிறது பார் என்பாய். மெஷின்காரனாக ஒன்று சொல்கிறேன். எதைச் சுற்றவிட்டாலும், நிறுத்தும் வழி உள்ளே மாட்டிக்கொள்பவன் கைக்கு எட்ட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஷெட்டில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் இழுத்தால் நிற்கிற கயிறு ஒன்று கட்டவைத்தேன். வேலை கெடுகிறது, யாராவது விளையாட்டுக்கு இழுப்பார்கள் என்று மேலே இருப்பவர்கள் பேசினார்கள். இழுக்கட்டும் என்றேன். வீட்டிலும் அப்படித்தான். நீ ஒரு முடிவெடுத்தால் அதில் யார் யார் சேர்ந்து சுற்றுகிறார்கள் என்று முதலில் பார். அவர்கள் கத்துவார்கள் என்று காத்திருக்காதே. நிறைய பேர் கத்த மாட்டார்கள். கத்தினாலும் அது நடிப்பு என்று உனக்குத் தோன்றும், ஏனென்றால் வசனத்தை நீதான் எழுதியிருப்பாய்.

இன்னொன்று. கதைதானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பவனை நம்பாதே. இக்பால் ஐந்தாம் பாகத்தை எழுதும்முன் என்னிடம் வந்து உட்கார்ந்து எடை, வேகம், தூரம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினான். கேப்டனுக்குத் தோள் உடைந்துவிட்டதால் கப்பலைப் பூமியிலிருந்தே ஒரு பெண் ஓட்டுவதாகக் கதையை மாற்றினான். திரைக்குப் பின்னாலிருந்து உன் அம்மா பதினோராம் பாகம்வரை ஓட்டினாள். ஒரு தப்பு இல்லை. சனிக் கிரகத்தைச் சுற்றிக்கொண்டு கப்பல் திரும்பி வந்தபோது, லுங்கி விற்க வந்திருந்த குடியாத்தத்து வியாபாரி ஒருவர் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதார். இன்றைக்கும் கடைத்தெருவில் அவளைப் பூமி டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். மன்றத்தின் ஆண்டு மலருக்கு குரோம் பதனிடல் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறான் இக்பால். அதற்குப் பதில் இதைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பெட்டியில் வைத்தால் கரையான் தின்னும். அச்சில் ஏறினால் ஆம்பூரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணிலாவது நீ பெரியவனாகும்வரை கிடக்கும்.

இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவள் வந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். உனக்குக் கடிதம் என்றேன். அவனுக்கு இன்னும் அம்மாவே சொல்ல வரவில்லை என்று சொல்லிக்கொண்டே தாள்களை எடுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். கையில் இருந்த சிவப்புப் பென்சிலால் ஒரே ஓர் இடத்தில் திருத்தினாள். ஆஸ்பத்திரியில் வலித்தது என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதற்கு மேல் 'அழுதார்' என்று எழுதினாள். இருக்கட்டும். மலரில் இரண்டும் வரட்டும்.

பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுத் தூளிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷம் தனியா அனுப்ப மாட்டேன். நீங்க முன்னாடி போய் வீடு பாருங்க. ஆறு மாசத்துல நானும் இவனும் வர்றோம். ஸ்கூல்ல வெள்ளிக்கிழமையே லீவு கேட்டுட்டேன்."

என்னைக் கேட்காமலா என்றேன்.

"இதோ கேக்குறேன். எல்லாத் தடவையும் நானே பூமியில உக்காந்துனு இருக்கணுமா? வரட்டுமா?"

எனக்கு வரிசையாக வாயில் வந்தது. அங்கே பனி, உனக்குப் பால், பாஷை தெரியாத ஊரில் ஜுரம் வந்தால் யாரிடம் போவது, கப்பலில் இத்தனை நாள் குழந்தையை எப்படி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவையும் அவள் வியாழக்கிழமையிலிருந்து யோசித்து முடித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். வா என்று சொன்னேன். சொன்ன பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமில்லை. சந்தோஷமும் அதே வேகத்தில்தான் அடிக்கிறது.

நாளைக்கு ஆலையில் மூன்று பேருக்குச் சேர்த்துக் கேட்கப்போகிறேன். ஒரு ஆளுக்குத்தான் ஏற்பாடு என்பார்கள். மற்ற இரண்டு பேர் ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தங்க அனுமதி மட்டும் வாங்கித் தாருங்கள் என்பேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேட்பேன். எழுந்து நின்று கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. நீ இப்போது விழித்துவிட்டாய், தூளிக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வருகிறது. அம்மா உனக்குச் சட்டை தேடுகிறாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க பஜாரில் ஸ்டுடியோ இன்று சாயங்காலம்வரை திறந்திருக்குமாம். அவள் மடியில் உட்கார்ந்து நேராகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் போதும். அசையாமல் இரு, தயவு செய்து.

உன் அப்பா